முதுகு காட்டிய படங்கள்

பாரிஜாத நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் படங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அது தண்ணீர் வருகிற நாள். பெண்கள் குடத்தோடு வாசலில் நின்றார்கள், ஆண்கள் பேப்பரோடு உள்ளே இருந்தார்கள், அதனால் முதலில் கண்டவர்கள் ஆண்கள், முதலில் வசவு வாங்கியவர்கள் பெண்கள். "ஏட்டி, இந்தப் படத்தைத் திருப்பி மாட்டினது யாரு?" என்று ஒரு வீட்டிலிருந்து சத்தம் வந்தது. அது அடங்குவதற்குள் எதிர்வீட்டிலிருந்து வந்தது, பிறகு அதற்கடுத்த வீடு, பிறகு முக்குவீடு என்று தெருவே அந்த ஒரு கேள்வியைக் கத்திக்கொண்டிருக்க, குழாயடியில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடம் நிரம்பி வழிந்தது.

உலகம்மாள் வீட்டில் திரும்பியது அவள் மாமனார் ஆண்டபெருமாளின் படம். கூடத்து எதிர்ச்சுவரில் கோட்டும் தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக, வருகிறவர்களை எல்லாம் செருப்பைக் கழற்றினாயா என்று கேட்பது போலப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். இப்போது அந்த இடத்தில் பழுப்பு அட்டையும், அதன் ஓரங்களில் ஒட்டிய காக்கிக் காகிதமும், துரு ஏறிய இரண்டு வளையமும்தான் தெரிந்தன. அவள் கணவர் சொர்ணலிங்கம் பேப்பரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவர். வீட்டில் ஒரு குண்டூசி இடம் மாறினாலும் அதற்கு ஒரு பெண்பிள்ளை காரணமாக இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்.

"நான் எதுக்குத் திருப்புதேன்? எனக்கு வேற சோலி இல்லையா?" என்றாள் உலகம்மாள்.

அவர் படத்தை நேராக்கினார். காப்பி ஆறுவதற்குள் அது மறுபடி திரும்பிக்கொண்டது. சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை, பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரண்டு படுப்பது போல அத்தனை இயல்பாகத் திரும்பியது. அவர் நாலு மூலையிலும் திருகாணி போட்டுச் சுவரோடு சேர்த்து இறுக்கினார். குளித்துவிட்டு வந்து பார்த்தால் திருகாணிகள் கீழே வரிசையாகக் கிடந்தன, அப்பா முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வரைக்கும் தெருவில் அதைச் சுவரின் ஈரம் என்று சொன்னார்கள். சாயங்காலம் ஆனதும் படங்களுக்கு அலுப்பு என்று சொன்னார்கள். சொன்னவர் சொர்ணலிங்கம்தான். "இருவது முப்பது வருசமா ஒரே ஆணியில, ஒரே ஃபேனைப் பாத்துக்கிட்டுத் தொங்கினா உங்களுக்கு அலுக்காதாவே?" என்று அவர் பூங்கா பெஞ்சில் கேட்டபோது, அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள் ஆனதால் உடனே விளங்கிக்கொண்டார்கள். ஒரு மனிதர்கூட ஏன் என்று கேட்கவில்லை. என்ன செய்யலாம் என்றுதான் கேட்டார்கள். அந்தத் தெரு எப்போதும் அப்படித்தான்.

திரும்பிய படத்தை இறக்கித் துணி சுற்றி ஒரு வாரம் அலமாரியில் வைத்தால், மறுபடி மாட்டும்போது அது கொஞ்ச நேரம் முன்பக்கம் பார்க்கும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். சில படங்கள் ஒரு நாள் முழுக்கப் பார்த்தன. அது போதாதா? படங்களுக்கு முறை வைத்து ஓய்வு கொடுப்பது, ஓய்வில் இருப்பதன் இடத்தில் வேறொன்றை மாட்டுவது, அது அலுத்ததும் இதை மாட்டுவது என்று சங்கத்தில் தீர்மானம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை மாற்று நாள்.

அப்புறம் எப்படி மாட்டுவது என்பதில் தெரு இரண்டு பட்டது. ஆணியை அடித்து அடித்துப் பிடுங்கினால் சுவர் அம்மைத் தழும்பு முகமாகிவிடும் என்று வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். வாடகைக்கு இருப்பவர்கள், நாங்கள் ஒரு ஆணி அடித்தால் முன்பணத்தில் பிடிப்பீர்களே என்று கேட்டார்கள். ஒட்டுக் கொக்கி வாங்கி ஒட்டினார்கள், அது பால் காய்வதற்குள் படத்தோடு கீழே வந்தது. சுவரோரம் மரப்பலகை அடித்து அதில் படங்களைச் சாய்த்து வைத்தார்கள், சாய்ந்த படமும் திரும்பத்தான் செய்தது. கடைசியில் சொர்ணலிங்கம், சுவரின் உச்சியில் கூரையை ஒட்டி ஒரு அலுமினியத் தண்டை ஓடவிட்டு, அதில் நகரும் கொக்கிகள் மாட்டி, கொக்கியிலிருந்து நைலான் கயிற்றில் படத்தைத் தொங்கவிடும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். படத்தை இழுத்தால் ரயில் பெட்டி மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகரும். தெருவே அதற்கு ரயில் என்று பேர் வைத்தது. சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டூலில் ஏறி, கொக்கி கழற்றி, கண்ணாடி துடைத்து, துணி சுற்றி, அடுத்ததைத் தூக்கி மாட்டி, கயிற்றின் நீளம் சரிபார்த்து இறங்கியவர்கள் பெண்கள். அவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. கீழே நின்றுகொண்டு "கொஞ்சம் இடது பக்கம், போதும், போதும், என்ன நீ, கண்ணு தெரியலையா" என்று சொல்வதற்குத்தான் ஆண்கள் இருந்தார்கள். உலகம்மாளுக்கு முழங்கால் வலி. அதை அவள் சொன்னதற்கு, "எங்கப்பாவுக்கு முதுகு காட்டவே அலுக்கல, உனக்கு முட்டியா அலுக்குது?" என்றார் சொர்ணலிங்கம். அவள் கீழே இறங்கி ஈரத்துணியைப் பிழிந்தாள். அந்தப் பிழிதலில் துணி கிழிந்தது.

மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும் என்பதை அந்தத் தெருவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். விருந்தாளி வந்தால் "வாங்க, இன்னிக்கு எங்க பெரியப்பா முறை" என்று படத்தைக் காட்டி உட்கார வைத்தார்கள். படம் பற்றாத வீட்டுக்காரர்கள் சிவகாசி அச்சில் வந்த குழந்தைப் படமும் பனிமலைப் படமும் வாங்கிக் கண்ணாடி போட்டு இடத்தை நிரப்பினார்கள். சையது கண்ணாடிக் கடையில் கூட்டம் நிற்க இடம் இல்லை. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு சேர்த்து, படம் எவ்வளவு நேரம் நிற்கும் என்றும் விசாரித்தார்கள். தெருக்கோடியில் புதிதாகக் குடிவந்த ஒரு சின்னஞ்சிறு தம்பதி வீட்டில் மட்டும் எந்தப் படமும் திரும்பவே இல்லை, அவர்களைத் தெரு சந்தேகத்தோடு பார்த்தது. "நாலு பேர் வீட்டுல நடக்கிறது உங்க வீட்டுல மட்டும் ஏன் நடக்கல? என்ன குடும்பமோ" என்று முக்குவீட்டுக்காரர் கேட்டார். அந்தப் பெண் பாவம், மன்னிப்புக் கேட்டாள்.

ஒரு வீட்டில் எல்லாப் படமும் திரும்பவில்லை, குறிப்பிட்ட ஒன்றோ இரண்டோதான் திரும்பின என்பதும் எல்லாருக்கும் தெரியும். பனிமலை திரும்பவில்லை, குழந்தை திரும்பவில்லை. அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

உலகம்மாளுக்கு ஒரு மகன் என்று ஊர் சொல்லும். சொர்ணலிங்கம் அப்படித்தான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார், "நமக்கு ஒரே பையன், குருபரன்" என்று. அவள் பெற்றது இரண்டு. மூத்தவள் செண்பகம். படித்தாள், பட்டம் வாங்கினாள், பட்டம் வாங்கிய அன்று கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் கையில் சுருட்டிய காகிதமுமாக எடுத்த படத்தைச் சொர்ணலிங்கமே நல்ல தேக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, பால்காரர்வரை கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அவள் தன்னோடு வேலை பார்த்த ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். பையனிடம் ஒரு குறையும் இல்லை, சாதி வேறு, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று உலகம்மாள் சொன்னாள். அவர் குறுக்குத்துறை ஆற்றில் போய்த் தலை முழுகிவிட்டு வந்து, என் மகள் செத்துப்போனாள் என்றார். மறுநாள் அந்தப் படத்தை இறக்கி எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அதே தேக்குச் சட்டத்துக்குள் பெரிதாக்கப்பட்ட ஆண்டபெருமாள் இருந்தார்.

"பிள்ளை படம் எங்க?"

"எரிச்சாச்சு."

பிள்ளையை எரித்தவருக்குச் சட்டத்தை எரிக்க மனம் வரவில்லை, நல்ல தேக்கு பாருங்கள். அந்த ஒரு விஷயம் ஒன்பது வருஷமாக உலகம்மாளின் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது. அந்தச் சட்டத்தைத் துடைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை எரிந்தது. செத்துப்போனாள் என்றால் செத்தவர்களுக்குச் செய்வதைச் செய்ய வேண்டாமா? படம் மாட்டி, மாலை போட்டு, அமாவாசைக்கு ஒரு வாய் சோறு வைக்க வேண்டாமா? உயிரோடு இருக்கிறாள் என்றால் தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டாமா? இருக்கிறவளுக்கு உள்ளதும் இல்லை, செத்தவளுக்கு உள்ளதும் இல்லை என்றால் அது என்ன நியாயம், எந்த ஊர் நியாயம்? இதை அவள் யாரிடம் கேட்பாள்? அடுப்பிடம் கேட்டாள், அம்மிக்கல்லிடம் கேட்டாள், ஒரு தடவை பக்கத்து வீட்டு டெய்சி டீச்சரிடம் கேட்டாள்.

டெய்சி டீச்சர்தான் ஓசூரில் இருந்த செண்பகத்தின் நம்பரைத் தேடிப் பிடித்துத் தன் போனிலிருந்து போட்டுக் கொடுத்தாள். உலகம்மாள் அழுதாள். மகள் அழவில்லை. "அம்மா, வீட்டுல என் படம் இருக்கா?" என்று கேட்டாள். இவள் மறுபடி அழுதாள். "அப்ப வச்சிரும்மா. என் படம் சுவத்துல ஏறுற அன்னிக்குக் கூப்பிடு, பேசுதேன்" என்று மகள் வைத்துவிட்டாள். அப்பன் ரத்தம், வேறென்ன. அதற்கப்புறம் உலகம்மாள் அந்த நம்பரை மனப்பாடமாக வைத்திருந்தாளே தவிர, போட்டதில்லை. மாட்டுவதற்கு அவளிடம் ஒரு படமும் இல்லை. செண்பகம் இருந்த ஒவ்வொரு புகைப்படத்தையும் அவர் ஆல்பத்திலிருந்து உருவி எடுத்திருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் குருபரனுக்குப் பெண் அமைந்தது. தென்காசிப் பக்கம், நல்ல இடம். பெண் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வந்தால் முதலில் பார்ப்பது ஆண்டபெருமாளைத்தான். பெண்ணின் தாய்மாமாவுக்கு அவரைத் தெரியும், அவர் முகத்துக்காகத்தான் சம்பந்தமே பேச வந்தார்கள். ஆனால் ஆண்டபெருமாள் முன்பக்கம் நிற்கும் நேரம் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. ஆரம்பத்தில் விடிந்தால் பொழுது அடையும்வரை நின்றவர், பிறகு சாப்பாட்டு வேளைவரை நின்றார், பிறகு ஒரு தேங்காய் உடைத்துச் சூடம் காட்டும் நேரம் நின்றார். எத்தனை நாள் துணி சுற்றி வைத்தாலும் அதற்கு மேல் இல்லை. சொர்ணலிங்கம் சாப்பிடாமல் யோசித்தார். யோசித்து, ஒரு மாதம் முழுக்கப் படத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பெண் வீட்டார் கார் முக்குத் திரும்பும்போது குருபரன் போன் அடிப்பது, உடனே உலகம்மாள் ஸ்டூலில் ஏறி மாட்டுவது, அவர் ரோஜா மாலையைப் போடுவது, மாமா வந்து கும்பிட்டதும் படத்தை ரயிலில் இழுத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவது என்று ஏற்பாடு செய்தார்.

"அவங்க போற வரைக்கும் முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சிக்கோ. எங்கப்பா திரும்பினாலும் சமாளிச்சிரலாம், உன் முகம்தான் பயமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் இன்னும் தென்காசி ரோட்டில் வந்துகொண்டிருக்கும்போது, ஒத்திகை பார்க்க வேண்டும் என்று அவர் அலமாரியைத் திறந்தார். குருபரன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். உலகம்மாள் ஏறி, படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். மாட்டக்கூட இல்லை. அவள் கையில் இருக்கும்போதே ஆண்டபெருமாள் திரும்பினார்.

அத்தனை பக்கத்தில் வைத்து அவள் அதைப் பார்த்ததில்லை. திரும்பும்போது படம் அவளை விட்டு விலகவில்லை, அவள் பக்கமாக நெருங்கி வந்து திரும்பியது. இடுப்பில் பிள்ளையை வைத்திருக்கிறவள், "பிள்ளை எங்க, பாப்போம்" என்று யாராவது கேட்டால் உடம்பைத் திருப்பிக் காட்டுவாளே, அந்தத் திரும்பல். முகத்தை மறைக்கிறார் மறைக்கிறார் என்று ஒரு தெருவே இத்தனை மாசமாக ரயில் விட்டுக்கொண்டிருக்கிறதே, எதையாவது காட்டுகிறாரா என்று ஒரு ஆளாவது கேட்டோமா என்று அவளுக்குத் தோன்றியது.

"என்ன அங்கேயே நிக்க? இறங்கு" என்றார் சொர்ணலிங்கம்.

அவள் இறங்கினாள். படத்தைத் தையல் மெஷின் மேல் கவிழ்த்து வைத்து, மெஷின் பெட்டிக்குள் இருந்த திருப்புளியை எடுத்தாள்.

"ஏட்டி, அதைத் தொடாத."

இத்தனை வருஷத்தில் அவர் குரல் அப்படி நடுங்கி அவள் கேட்டதில்லை. அந்த நடுக்கம்தான் அவளுக்குப் பாதி சொல்லிவிட்டது. காக்கிக் காகிதத்தைக் கீறி, சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, பழுப்பு அட்டையைத் தூக்கினாள். ஒரு பழைய செய்தித்தாள் இருந்தது. அதற்கு அடியில், தாத்தாவின் முதுகோடு தன் முதுகை ஒட்டிக்கொண்டு, கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் கையில் சுருட்டிய காகிதமுமாகச் செண்பகம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான் குருபரன். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல் அது.

உலகம்மாள் கத்தவில்லை. திருப்புளியைக் கையிலேயே வைத்திருந்தாள். "எரிச்சாச்சுன்னு சொன்னீங்க."

"அது வந்து... உயிரோட இருக்கவ படத்தை எப்படி எரிக்க முடியும்? ஆகாதுல்லா. அதான் சையது கடையில..."

"உயிரோட இருக்கவளா?"

சொர்ணலிங்கம் வாசல் பக்கம் பார்த்தார்.

"செத்துப்போனான்னு ஊருக்குச் சொல்லி, எனக்குச் சொல்லி, பெத்த வயித்தை இத்தனை வருசம் காயப் போட்டுட்டு, உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு, அவ உயிரோட இருக்கான்னு. தினமும் இதுக்கு முன்னால நின்னுதான் துண்ணூறு பூசுனீங்க. உங்கப்பாவைக் கும்பிட்டீங்களா, அவளைக் கும்பிட்டீங்களா? இந்தச் சட்டத்தை நான் துடைச்ச ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கீழ நின்னு இடது பக்கம், வலது பக்கம்னு சொன்னீங்களே, பின்பக்கம்னு ஒரு நாள் சொல்லி இருக்கக் கூடாதா?"

"பெண் வீட்டுக்காரங்க வந்துருவாங்க. அப்புறம் பேசிக்கிடலாம்."

"அப்புறம் என்ன அப்புறம்? இவ செத்தவன்னா, அந்த ரோஜா மாலையை எடுத்து இப்ப என் கண்ணு முன்னால இவ படத்துக்குப் போடுங்க. உயிரோட இருக்கவன்னா போன் போடுங்க. ரெண்டுல ஒண்ணைச் செய்யாம இந்தக் கூடத்தை விட்டு நகரக் கூடாது."

அவர் மாலையை எடுத்தார். எடுத்து, மகளின் முகத்தைப் பார்த்தார். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட எந்தக் கைக்குத் துணிச்சல் வரும்? போனை எடுக்கவும் கை வரவில்லை. மாலையோடு அப்படியே நின்றார். உலகம்மாள் கண்ணாடிக்குள் மகளை முன்பக்கமாக வைத்து, மாமனாரைத் தனியே எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, ரயிலின் நட்டநடுக் கொக்கியில் தேக்குச் சட்டத்தை மாட்டினாள். முட்டி வலித்தது. படம் திரும்பவில்லை.

சத்தம் கேட்டு வந்த டெய்சி டீச்சர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கே ஆணி நெம்பும் சத்தம் கேட்டது. தோட்டத்தில் ஜெபிக்கும் இயேசு படத்துக்குப் பின்னால் அவளுடைய தம்பி இருந்தான், சேலை கட்டிக்கொண்டான் என்று ஒரு கிறிஸ்துமஸ் அன்று வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவன். அப்புறம் அந்தச் சத்தம் தெருவில் வீடு வீடாகப் போயிற்று. எதிர்வீட்டு வாத்தியாரின் கல்யாணப் படத்துக்குப் பின்னால், பிள்ளை இல்லையென்று ஜீப்பில் ஏற்றித் தாய்வீட்டில் கொண்டுபோய் விடப்பட்ட முதல் மனைவி இருந்தாள். முக்குவீட்டுக்காரரின் கிரகப்பிரவேசப் படத்துக்குப் பின்னால் அவரைப் பெற்ற அப்பா இருந்தார், முதியோர் இல்லத்தில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவர். உயிரோடு இருப்பவர் படத்தைக் கிழிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது என்பது அந்தத் தெருவின் மரியாதை. அதனால் ஒவ்வொருவரும் சையது கடைக்குத் தனித்தனியாக, துணியில் சுற்றி, மழை பெய்யாத நாளில்கூடக் குடை பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். "பின்னால இருக்கதை எடுத்துரவா?" என்று சையது எல்லாரிடமும் கேட்டிருக்கிறார். "இருந்துட்டுப் போகட்டும்" என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். தான் ஒருவன்தான் அப்படிச் செய்தோம் என்று ஒவ்வொரு மகராசனும் நினைத்துக்கொண்டுதான், படத்துக்கு அலுப்பு என்று சொர்ணலிங்கம் சொன்னபோது அத்தனை வேகமாகத் தலையை ஆட்டினான். சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அங்கே இன்னும் படங்கள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

கார் வந்தது. மாலையோடு நிற்கிற மாப்பிள்ளையின் அப்பாவையும், திருப்புளியோடு நிற்கிற அம்மாவையும், நடுச்சுவரில் தொப்பி போட்டுச் சிரிக்கிற பெண்ணையும் பார்த்து, வந்தவர்கள் உட்காரலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள்.

"இது யாரு? ஒரே பையன்னுல்லா சொன்னாங்க" என்றார் பெண்ணின் தாய்மாமா.

சொர்ணலிங்கம் தான் கண்டுபிடித்த ரயிலை அண்ணாந்து பார்த்தார்.

"என் மூத்த மக" என்றாள் உலகம்மாள். "பேரு செண்பகம். ஓசூர்ல இருக்கா. தனக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டா, வேற சாதி. இதெல்லாம் தெரிஞ்சு சம்மதம்னா காப்பி குடிங்க. இல்லைன்னாலும் குடிச்சிட்டுப் போங்க, வெயில்ல வந்திருக்கீங்க."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கூட வந்த ஆண்கள் எழுந்தார்கள். பெண்ணின் அம்மா எழவில்லை. நீலச் சேலை கட்டிய அந்த அம்மாள் காப்பியை வாங்கி, ஆற்றி, நிதானமாகக் குடித்து முடித்தாள். வாசலில் கார் ஹாரன் அடித்தது. அவள் உலகம்மாளின் பக்கத்தில் வந்து, "மைனி, அந்தத் திருப்புளியைக் குடுங்க. வேலை முடிஞ்சதும் நானே கொண்டுவந்து தாரேன்" என்றாள். கொடுத்ததைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

உலகம்மாள் குருபரனின் போனை வாங்கி, இத்தனை காலமாக மனசுக்குள் வைத்திருந்த நம்பரைப் போட்டாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவில், "யாரு?" என்று கேட்டது.

"நான்தான். உன் படம் ஏறியாச்சு."

குக்கர் இன்னொரு விசில் அடித்து அடங்கியது.

"மாலை போட்டா, போடாமலாம்மா?"

உலகம்மாள் கூடத்தைப் பார்த்தாள்.

"போடாம" என்றாள். "மாலை உங்கப்பா கையில இருக்கு. அதை என்ன செய்யன்னு தெரியாம நிக்காரு."

"நிக்கட்டும்" என்றாள் செண்பகம். "நான் வந்து சொல்லுதேன்."